முதலிடம் வாங்கிய கைநாட்டு

போன வெள்ளிக்கிழமை தாமுவேயில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். சிரித்ததில் தப்பில்லை. புது அடையாள அட்டைக்கு விரல் பதியப் போன இடத்தில் அந்த இயந்திரம் என் பெருவிரலை ஏற்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. கிழவி விரல், ரேகையெல்லாம் சட்டி கழுவியே தேய்ந்துபோயிருக்கும். "பரவாயில்லைம்மா, கையெழுத்துப் போடுங்க" என்றாள் மேசையில் இருந்த பெண். நான், "எழுதத் தெரியாது" என்று சொல்லிவிட்டேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற உங்களில் ஒருத்தி அதைக் கேட்டுவிட்டு வந்து ஊரெல்லாம் பரப்பிவிட்டாள். ஒருத்தி எனக்கு மூளை கலங்கிவிட்டது என்றாள். இன்னொருத்தி, இந்த வயதிலும் கொழுப்பு அடங்கவில்லை என்றாள். இரண்டாவது ஆள் உண்மைக்குக் கொஞ்சம் கிட்டே வந்தாள். ஆனாலும் காரணம் அது இல்லை. அன்று சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நம்மில் பாதிப் பேர் அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சிவப்புத் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றவர்கள்தானே. உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

அப்போது எனக்குப் பதினோரு வயது. மிங்கலா தாங்ஞுன்டில், ரயில் பாதைக்கு அடுத்த தெருவில், மூன்றாம் மாடியில் எங்களுக்கு இரண்டு அறை. ரயில் போகும்போதெல்லாம் கண்ணாடி அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுக்கும். படிக்கட்டு ஒரு ஆள் அகலம்தான். ஒருவர் இறங்கினால் மற்றவர் கீழே நின்று காத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டால் உம்மா வறுக்கும் மிளகாயின் காரம் வெளியே போக வழியில்லாமல் ராத்திரி வரை எங்களோடேயே குடியிருக்கும். அந்த வருஷ மழையை நினைத்தால் இப்போதும் எனக்கு முதலில் தொண்டைதான் கமறுகிறது.

அத்தா ஒரு காலத்தில் காகிதக்கடை வைத்திருந்தார். நோட்டு, சிலேட்டு, பேனா முள், மைக்கட்டி, கோடு போட்ட தாள். நான் நடக்கப் பழகிய சமயத்தில் சோஷலிசம் வந்துவிட்டது என்று அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டது. அத்தாவின் கடை மக்கள் கடையாகி, வாசலுக்கு மேல் ஒரு எண் எழுதிய பலகை ஏறியது. அதே கடையில் அத்தாவுக்கு வேலையும் கொடுத்தார்கள். பொட்டலம் கட்டும் வேலை. தான் அடித்த அலமாரிக்கு முன்னால், தான் வாங்கிப் போட்ட இரும்பு மடக்குக் கதவுக்கு உள்ளே, சணல் உருண்டையோடு நாள் முழுக்க நின்றார். பர்மிய எழுத்துத் தெரிந்தவர்களுக்கு எழுத்தர் நாற்காலி கிடைத்தது. அத்தாவுக்குத் தெரியாது என்று பதிவில் எழுதியிருந்ததால் கயிறு கிடைத்தது.

நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அத்தா தமிழில் வரும் கடிதத்தைப் படிப்பார், குர்ஆன் ஓதுவார், பர்மிய மொழியை பர்மியர்களே திரும்பிப் பார்க்கிற மாதிரி பேசுவார். ஆனால் அந்த வட்ட வட்ட எழுத்தைக் காட்டினால், "எல்லாம் முறுக்காட்டம் இருக்கு புள்ள, எந்தப் பக்கம் கடிக்கிறதுன்னு தெரியல" என்பார். எந்தத் தாள் வந்தாலும் பெருவிரலை நீட்டுவார். தலைவலித் தைலம் தீர்ந்த சின்னத் தகர டப்பா ஒன்று அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். அதற்குள் நீல மை ஊறிய பஞ்சுத் துணி. மையோடு தைல வாசனையும் கலந்து வரும். அந்த டப்பா எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ முறை தேடியிருக்கிறேன்.

அந்த மழைக்காலத்தில்தான் எங்கள் வட்டாரத்துக்கு எழுத்தறிவு இயக்கம் வந்தது. பள்ளிப் பிள்ளைகளின் அணியும் கல்லூரிப் பிள்ளைகளும் சேர்ந்து, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களைக் கணக்கெடுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒருவர்கூட பாக்கி இல்லை என்றால் தெருமுனையில் அதை எழுதிப் பலகை வைப்பார்கள். எனக்கு அந்தப் பலகையைப் பற்றி அக்கறை இல்லை. எனக்கு வேண்டியது துண்டு. எங்கள் பள்ளியில், அத்தாவைப் போல வெளிநாட்டவர் பதிவுச் சீட்டு வைத்திருந்தவர்களின் பிள்ளைகளை அணியில் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் துண்டு கொடுக்கவில்லை. வரிசையில் நிற்கலாம், பாடலாம், கொடிக்கு சல்யூட் அடிக்கலாம். கழுத்து மட்டும் மொட்டையாக இருக்கும். ஏதாவது சாதித்துக் காட்டினால் துண்டு உண்டு, அணிப் பிள்ளைகளுக்கு நடக்கும் ஏரிக்கரை முகாமும் உண்டு என்று மமா சொன்னாள்.

மமா என்பது பர்மிய மொழியில் அக்கா. எங்கள் அணிக்குத் தலைவியாக வந்த கல்லூரி மாணவியை அப்படித்தான் கூப்பிட்டோம். கன்னத்தில் பூசிய தனகாச் சாந்து காய்ந்து வெடித்திருக்கும். மழையில் நனைந்தாலும் திட்டமாட்டாள். நாட்டை நாலு மாதத்தில் திருத்திவிடலாம் என்று உண்மையாகவே நம்பினாள். அவளை வெறுக்க எனக்கு இன்றுவரை ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

கணக்கெடுப்புக்கு அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நான் போனேன். எங்கள் வீட்டுக் கதவையும் தட்டினோம்.

"ஊலே, உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?" என்று மாமா முறை வைத்து மரியாதையாகக் கேட்டாள் மமா.

"தெரியாதும்மா."

"காகிதக்கடை வச்சிருந்தீங்கன்னு தெருவுல சொல்றாங்களே?"

"மீன் விக்கிறவன் எல்லாம் நீச்சல் தெரிஞ்சா விக்கிறான்?" என்றார் அத்தா.

மமா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டாள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. எங்கள் கட்டிடத்தில் மேலும் ஆறு வீட்டில் அதே பதில். கீழ்வீட்டுத் தையல்கடை மாமா, அளவு நோட்டு மேசைமேல் விரிந்து கிடக்கும்போதே, தனக்கு ஒரு எழுத்தும் தெரியாது என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். அந்த வட்டாரத்திலேயே இருண்ட தெரு எங்கள் தெருதான் என்று மமா அன்று குறித்துக்கொண்டாள். எல்லோரும் இவ்வளவு அழகாகப் பேசுகிறார்களே, எழுத்து மட்டும் எப்படி வராமல் போயிற்று என்று வழியெல்லாம் வருத்தப்பட்டாள்.

வகுப்பு மாலையில், முன்பு தமிழ்ப் பள்ளிக்கூடமாக இருந்து அரசாங்கத்தின் கைக்குப் போன கட்டிடத்தில் நடந்தது. பெஞ்சுகள் சின்னப் பிள்ளைகளுக்கானவை. அத்தாவும் தையல்கடை மாமாவும் மற்றவர்களும் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பார்கள். ஈரச் சட்டை, சாக்பீஸ் தூள், வெற்றிலை எல்லாம் சேர்ந்த ஒரு வாடை. பாடப்புத்தகம் மட்டமான பழுப்புத் தாளில் அச்சடித்தது, விரல் ஈரமாக இருந்தால் எழுத்து விரலோடு வந்துவிடும். "கஜீ! கக்வே!" என்று முதல் இரண்டு எழுத்தையும் நாங்கள் கத்துவோம், பெரியவர்கள் திருப்பிக் கத்துவார்கள்.

ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளை என்று மமா பிரித்துக் கொடுத்தாள். எனக்கு அத்தா. "உன் அப்பாவை நீ தேற்றிவிட்டுட்டா துண்டு உனக்குத்தான்" என்றாள்.

அத்தாவைப் போல மக்கு மாணவன் அந்த வகுப்பில் கிடையாது. கையைப் பிடித்து எழுத வைப்பேன். கை பாறை மாதிரி கனக்கும். நேற்றுப் படித்ததை இன்று மறப்பார். கக்வேயில் வந்து நிற்பார், அதைத் தாண்ட மாட்டார். மற்ற பிள்ளைகளின் பெரியவர்கள் பெயர் எழுதப் பழகியபோதும் அத்தா கோணல் வட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் பொறுமை போய், ஸ்கேலால் அவர் விரல் முட்டியில் ஒரு போடு போட்டேன். வலித்திருக்கும், சிலேட்டில் இருந்து குச்சி கீழே விழுந்தது. அத்தா குனிந்து எடுத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கங்க ஸயாமா" என்றார். ஸயாமா என்றால் டீச்சர். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு நாள் மழை கொட்டியதால் அணிவகுப்பை நிறுத்தி எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். படிக்கட்டில் ஏறும்போதே உம்மா உலர்ந்த இறாலை இடிக்கும் சத்தம் கேட்டது. இடிக்கு நடுவே அத்தாவின் குரல். கதவு ஒருக்களித்திருந்தது. அத்தா ஜன்னல் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, பேஜோப் பலகாரம் சுற்றி வந்த எண்ணெய்க் காகிதத்தைத் தொடைமேல் நீவி விட்டுக்கொண்டிருந்தார். பர்மியப் பத்திரிகைத் தாள், ஏதோ தொடர்கதை. கண் வரியில் ஓடியது, வாய் தமிழில் சொன்னது.

"...அப்போ டாக்டர், 'நீ என்னைக் கட்டிக்க வேணாம், உசிரோட இருந்தாப் போதும்'ங்கிறான்."

உம்மா உலக்கையை நிறுத்திவிட்டு, "அவ என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

"இதோட கிழிஞ்சிருக்கு. பேஜோக்காரன் மீதியை வேற யாருக்கோ சுத்திக் குடுத்துட்டான்."

"எப்பவும் இதே பொழப்பு" என்று உம்மா அலுத்துக்கொண்டு மறுபடி இடித்தாள்.

உள்ளே போனேன். அத்தா காகிதத்தைக் கசக்கினார். நான் என்னென்ன கத்தினேன் என்று நினைவில்லை. பொய்யன் என்று சொன்னது நினைவிருக்கிறது. உம்மா ஓடிப்போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். அந்தச் சின்ன அறையில் மூன்று பேரும் இறால் தூளும் மிளகாய்க் காரமும். அத்தா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"கடையை எடுத்த அன்னைக்கு ஒரு தாள் குடுத்தாங்க. 'என் கடையை மனமுவந்து ஒப்படைக்கிறேன்'னு இருந்துச்சு. ஒரு வரி விடாமப் படிச்சேன். படிச்சுட்டுப் போட்டேன் கையெழுத்து. பின்னால நின்னவங்க அப்படி, நான் என்ன செய்ய? அப்புறம் மேலே போய் முறையிட்டா, 'படிச்சுத்தானே போட்டே?'ன்னு ஒரே கேள்வி. வாயை மூடிட்டு வந்துட்டேன். பக்கத்துக் கடைக்காரர் கைநாட்டு. அவருக்கு எழுத்துத் தெரியாதுன்னு மறுபடி விசாரிச்சு, தராசையும் நாற்காலியையும் திருப்பிக் குடுத்தாங்க."

"அதுக்கு?"

"கையெழுத்துப் போட்டவனுக்கு அதோட பேச்சு முடிஞ்சுது புள்ள. கைநாட்டு வச்சவன் நாளைக்கே 'தெரியாது'ன்னு சொல்லலாம். எனக்கு இந்த ஊர்ல மிச்சம் இருக்கிறது அந்த ஒண்ணுதான்."

ஒரு தராசையும் நாற்காலியையும் பார்த்து அத்தா ஒரு வாழ்க்கைத் திட்டமே போட்டிருந்தார். அவர் சொல்லித்தான் கட்டிடத்தில் மற்ற ஆண்களும் கைநாட்டாகியிருந்தார்கள். இன்று யோசித்தால் எவ்வளவு அப்பாவித்தனம் என்று தோன்றுகிறது. அன்று எனக்கு அது எதுவும் மண்டையில் ஏறவில்லை.

"அப்போ நீங்க பாஸ் பண்ண மாட்டீங்களா?" என்றுதான் கேட்டேன்.

எத்தனை வகுப்பு வைத்தாலும் கக்வேயைத் தாண்டுவதில்லை என்பதுதான் அவருடைய எண்ணம். நான் அழுதேன். அன்று சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. பிடிவாதத்தில் நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியும், அப்போது இன்னும் மோசம். மூன்றாம் நாள் காலையில் அத்தா பாய்க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தட்டுத்தடுமாறிப் பாஸ் பண்ணினாப் போதுமா ஸயாமா?"

"போதும்" என்றேன்.

உம்மா அடுப்படியிலிருந்தே, "அவ கழுத்துல ஒரு முழத் துணி ஏறணும்னு நீங்க உங்க கழுத்தைக் குடுக்காதீங்க" என்றாள். "சின்னப் புள்ளைதானே" என்றார் அத்தா. கடைசி மார்க்கில் ஒருத்தன் தேறினால் யார் கவனிக்கப்போகிறார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

தேர்வு நாளன்று நகரத்திலிருந்து மூன்று பேர் வந்து மேசை போட்டு உட்கார்ந்தார்கள். பெற்றவர்களும் தெருக்காரர்களும் சுவரோரமாக நின்றார்கள். பாடப்புத்தகத்தில் நாலு வரி வாசிக்க வேண்டும், பெயர் எழுத வேண்டும், அவ்வளவுதான். தையல்கடை மாமா வியர்த்துக் கொட்டி, தெரிந்ததைத் தெரியாதது போலத் திக்கித் திக்கி வாசித்து, அற்புதமாக நடித்துவிட்டு வந்தார். அடுத்தது அத்தா. அவரும் முதல் வரியில் சரியாகத்தான் தடுமாறினார். அப்போது மேசையில் இருந்த ஒருவர் புத்தகத்தை மூடிவிட்டு, அன்றைய பத்திரிகையை எடுத்து நீட்டினார்.

"இதுல எங்கேயாவது, தெரிஞ்சதை வாசிங்க."

முழுசான பத்திரிகை. கிழியாதது, எண்ணெய் படாதது. அத்தா அதைக் கையில் வாங்கினார். விரித்து, ஒரு தரம் மடிப்பை நீவினார். அந்த நீவலை நான் வீட்டில் பார்த்திருக்கிறேன். முதலில் மெதுவாக ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் தடுமாற மறந்துவிட்டார். மூன்றாவதில் குரல் ஏறியது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, ஒரு பத்தி முழுவதையும் வாசித்தார். ஏதோ கால்வாய் வெட்டுகிற செய்திதான். ஆனால் கூடம் முழுக்க மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. எத்தனை வருஷமாக அந்த மனிதர் சத்தம் போட்டு வாசிக்காமல் இருந்தார் என்று எண்ணிப் பாருங்கள். வாசித்து முடித்து நிமிர்ந்தபோதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது.

கைதட்டல் ஓயவே இல்லை. மமா அழுதாள். வட்டாரத்தில் முதலிடம் அத்தாவுக்கு. பதிவேட்டில் பெயரைக் கோணல்மாணலாக, நான் பழக்கிய மாதிரியே எழுதினார். கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த ஒருவரை நாலு மாதத்தில் பத்திரிகை வாசிக்க வைத்த பிள்ளை என்று என்னை மேசைமேல் ஏற்றி நிறுத்தினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரமே தெருமுனையில் பலகை ஏறியது, என் கழுத்தில் துண்டு ஏறியது. முதல் நாள் உம்மாதான் முடிச்சுப் போட்டாள். ரொம்ப இறுக்கிவிட்டாள், சொல்லியும் தளர்த்தவில்லை.

மழை விட்ட பிறகு, வெளிநாட்டவர் பதிவுச் சீட்டு உள்ளவர்களை அலுவலகத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. அத்தா என்னையும் கூட்டிப்போனார். துண்டு கட்டின பிள்ளை பக்கத்தில் இருந்தால் மரியாதையாகப் பேசுவார்கள் என்றார். அங்கே ஒரு குமாஸ்தா இருந்தார். எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அச்சடித்த தாள் ஒன்றில் அத்தாவின் பெயரை எழுதி நிரப்பிக்கொண்டே, "சீட்டைப் புதுப்பிக்கிற மனு. இங்கே போடு" என்றார்.

தாள் அவர் பக்கம் நேராகவும் எங்கள் பக்கம் தலைகீழாகவும் இருந்தது. அத்தாவின் கண் அதன்மேல் ஒரே ஓட்டமாக ஓடியதைப் பார்த்தேன். நானும் படித்தேன். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் இந்த நாட்டை விட்டு வெளியேறச் சம்மதிக்கிறேன்' என்று இருந்தது. அந்தக் குமாஸ்தாவிடமும் மேலிருந்து இத்தனை பேர் வேண்டும் என்று கேட்டிருப்பார்களோ என்னவோ.

"அத்தா, போறோம்னு போட்டிருக்கு" என்று தமிழில் முணுமுணுத்தேன்.

மேசைக்கு அடியில் அத்தாவின் கால் என் காலை அழுத்தியது. பேசாதே என்று அர்த்தம். பையிலிருந்து தைல டப்பாவை எடுத்தார். "விரல்தாங்க பழக்கம்" என்று சொல்லி, பெருவிரலை ஒற்றி, நிதானமாக வைத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். நல்ல உற்சாகமாக இருந்தார். "மாட்டேன்னு சண்டை போட்டா இன்னைக்கே வம்பு. இப்போ கைநாட்டு வச்சாச்சு. நான் பாஸ் பண்ணின பதிவேட்டை இவங்க எங்கே தேடப்போறாங்க? பட்டியல்ல பேர் வரட்டும், நேரா மேலே போய் 'எனக்குத் தெரியாதுங்க, புதுப்பிக்கிறதுன்னு சொன்னாங்க'ன்னு சொல்லிடுவேன். இதுக்குத்தானே புள்ள இவ்வளவு நாளும் பொட்டலம் கட்டினேன்" என்றார். எனக்கும் அது சரி என்றே பட்டது. கரும்புச்சாறு குளிர்ச்சியாக இருந்தது.

பட்டியலில் பெயர் வந்தது. கப்பல் ஏறும் நாளும் வந்தது. அத்தா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மறுபடி என்னைக் கூட்டிக்கொண்டு மேலதிகாரியைப் பார்க்கப் போனார். இந்த இடத்தை எழுதாமல் தாண்டிவிடலாமா என்று இரண்டு நாள் பேனாவை மூடி வைத்திருந்தேன்.

அதிகாரி நல்லவராகத்தான் தெரிந்தார். மூக்குக் கண்ணாடி, மெல்லிய குரல். அத்தாவை உட்காரச் சொன்னார். அத்தா எல்லாவற்றையும் சொன்னார். புதுப்பிக்கிற மனு என்று சொல்லி வாங்கினார்கள், தனக்கு எழுத்துத் தெரியாது, அதனால்தான் விரலை வைத்தேன் என்றார். அதிகாரி அந்தத் தாளைத் தேடி எடுத்து, கைநாட்டைப் பார்த்தார். "எழுத்துத் தெரியாதவர்கிட்ட இப்படி வாங்கியிருந்தா அது தப்புதான்" என்று சொல்லவும் சொன்னார். அத்தா என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பார்த்தாயா என்பது போல.

அப்புறம் அதிகாரி, "எந்தத் தெரு?" என்று கேட்டார்.

அத்தா சொன்னார்.

"பலகை வச்ச தெருவாச்சே?"

அதிகாரி உள்ளே ஆள் அனுப்பி எழுத்தறிவுத் தேர்வுப் பதிவேட்டைக் கொண்டுவரச் செய்தார். முதலிடம் பெற்றவரின் பெயர், தந்தை பெயர், கோணல் கையெழுத்து எல்லாம் அதில் இருந்தது. வாசித்துவிட்டு அவர் அத்தாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். என் கழுத்தைப் பார்த்தார்.

"நீதான் சொல்லிக்கொடுத்தியா?"

"ஆமா."

"நீ சொல்லு. உன் அப்பாவுக்குப் படிக்கத் தெரியுமா?"

உம்மாவிடம் நான் சொன்ன கதை இதுதான்: நான் வாயைத் திறப்பதற்குள் அத்தா குறுக்கே விழுந்து, தெரியும் என்று தானே ஒப்புக்கொண்டுவிட்டார். உம்மா கண்மூடும்வரை அதையே நம்பினாள். உங்களில் சிலருக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். பொய். அத்தா பேசுவதற்கு முன்பே நான் தலையை ஆட்டிவிட்டேன். பயந்து ஆட்டினேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. கேள்வி கேட்டால் நிமிர்ந்து நின்று பதில் சொல்ல வேண்டும் என்று அணியில் பழக்கியிருந்தார்கள். என் மாணவன் தேறவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெருமையாகவே ஆட்டினேன்.

அதற்குப் பிறகுதான் அத்தா பேசினார். என் தலையாட்டலை மறைக்கிற மாதிரி சத்தமாகப் பேசினார்.

"தெரியுங்க. நான்தான் பொய் சொன்னேன். என் மக நல்லாச் சொல்லிக்கொடுத்தா."

"அப்போ இதைப் படிச்சுத்தானே வச்சீங்க?" என்றார் அதிகாரி.

அதே கேள்வி. அத்தா கொஞ்சம் சிரித்ததாகக்கூட ஞாபகம். கைநாட்டுக்குக் கீழே கையெழுத்தும் போடச் சொன்னார்கள். அத்தா பேனாவைக் கேட்டு வாங்கி, முள்ளை நகத்தில் ஒரு தரம் சரிபார்த்துவிட்டு, கையெடுக்காமல் ஒரே வீச்சில் போட்டார். அவருடைய நிஜமான கையெழுத்தை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். அவ்வளவு அழகான பர்மியக் கையெழுத்தை எங்கள் பள்ளி ஆசிரியர்கள் ஒருவரிடமும் நான் கண்டதில்லை. அந்தக் கையைத்தான் நான் பிடித்து எழுதப் பழக்கியிருந்தேன், ஸ்கேலால் அடித்திருந்தேன்.

உம்மா இங்கே பிறந்து இந்த நாட்டு அட்டை வாங்கியவள். கப்பல் போகும் அந்தத் தமிழ்க் கரையில் அவளுக்கு ஒருவரையும் தெரியாது. ஆறு மாதத்தில் தாளை ரத்துச் செய்துகொண்டு வந்துவிடுவேன் என்று அத்தா அவளை நம்பவைத்தார், தானும் நம்பினார். போட்டாதாங்கில் கப்பல் ஏறும் இடத்தில் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். நான் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தேன். அத்தா கம்பி வழியாகக் கையை விட்டு அதை வாங்கி, என் கழுத்தில் போட்டு, தளர்வாக முடிச்சுப் போட்டார்.

"முகாமுக்குப் போயிட்டு வா. போகாம இருந்துடாதே" என்றார்.

போனேன். ஏரியில் குளித்தேன், பாட்டுப் பாடினேன், பரிசுகூட வாங்கினேன். இத்தனை வருஷமாக எனக்கு நெஞ்சில் முள்ளாக இருப்பது தலையாட்டியதைவிட அதுதான்.

அத்தா திரும்பி வரவில்லை. தாளை ரத்துச் செய்ய அந்தக் கரையில் யாரும் இல்லை. பத்து வருஷம் போல அங்கே இருந்துவிட்டு அங்கேயே கண்மூடிவிட்டார். உம்மாவுக்குத் தமிழில் கடிதம் வரும். எனக்குத் தனியாகப் பர்மிய மொழியில் வரும். அந்த அழகான கையெழுத்தில் பக்கம் பக்கமாக எழுதுவார். கடைசியில் மட்டும் பெயர் இருக்காது. 'ஸயாமாவின் மக்கு மாணவன்' என்று எழுதி, பக்கத்தில் நீல மையில் பெருவிரலை ஒற்றியிருப்பார். ஒரு கடிதத்தில்கூட அது தவறவில்லை. கோபம் இல்லை என்று சொல்வதற்கு அவருக்குத் தெரிந்த வழி அது. எனக்கு அது புரிந்தது, ஆனால் ஆறுதலாக இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

இப்போது வெள்ளிக்கிழமை நீங்கள் சிரித்த கதைக்கு வருகிறேன். எழுதத் தெரியாது என்று நான் சொன்னதும் மேசையில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் பேத்தி வயது. சலித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் இழுப்பறையைக் குடைந்து ஒரு மைப்பெட்டியைத் தேடி எடுத்தாள். பிறகு தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "என்ன எழுதியிருக்குன்னு வாசிக்கிறேன், கேட்டுக்கங்கம்மா. அப்புறம் விரல் வைக்கலாம்" என்றாள்.

அவள் வாசித்தாள். நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து, தலைகீழாக, அவள் விரல் போகிற வரியிலேயே என் கண்ணையும் கொண்டுபோனேன். பெயர், வயது, தந்தை பெயர், தெரு. அத்தாவின் பெயரை அவள் வாசித்தபோது எனக்குக் கண் மறைத்தது, கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்துக் கடைசி வரி வரை வாசித்தாள். எழுதியிருந்ததைத்தான் வாசித்தாள். ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை.

அதன் பிறகுதான் விரலை நீட்டினேன்.